எலுமிச்சை வேகவைக்குமா?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும். வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்தில் வள்ளக்காரர்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனால் ஆனி, ஆடி மாதத்துக் கடல் எல்லா நாளும் அவர்களை உள்ளே விடுவதில்லை. சாளையும் நெத்தோலியும் விலை ஏறும் நாட்களில் சட்டிக்குள் கோழி வருகிறது. கூடவே கைபேசி வழியாக ஒரு யோசனையும் வருகிறது: அடுப்பே பற்றவைக்காமல் மெக்சிகோ ருசியில் சிக்கன் சாலட், கிண்ணம் நிறையப் புரதம். வெக்கையில் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன?

ஆனால் அந்தக் குறிப்பில் வரும் கோழி பச்சைக்கோழி அல்ல. அமெரிக்கக் கடைகளில் முழுக்கோழியைச் சுட்டுச் சூடாகவே விற்கிறார்கள். வெந்த கோழியை டப்பாவில் அடைத்தும் விற்கிறார்கள். அதை வாங்கிவந்து பிய்த்துப் போடுகிறவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான். வேறெங்கோ எரிந்து முடிந்துவிட்டது. மெக்சிகோவில் இதற்கு மூத்த வடிவம் ஒன்று உண்டு. பெயர் சல்பிக்கோன். வேகவைத்து ஆறிய இறைச்சியை நாராகப் பிய்த்து, வெங்காயம், தக்காளி, மிளகாய், எலுமிச்சைச் சாறு பிசறி, குளிர்ந்தபடியே உண்பார்கள்.

பச்சைக்கோழியே போதும் என்ற குழப்பம் வேறொரு பதார்த்தத்தால் வருகிறது. பெருவின் செவிச்சேயில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தே உண்கிறார்கள். யுனெஸ்கோ 2023இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெக்சிகோவின் சினலோவா கடற்கரையில் இறாலை எலுமிச்சையிலும் பச்சைமிளகாயிலும் ஊறவைத்த அகுவாசிலே உண்டு. இவற்றின் காணொளிகளைப் பார்த்தவருக்கு, மீனை வேகவைக்கும் எலுமிச்சை கோழியை வேகவைக்காதா என்று தோன்றுவது இயல்பு.

எலுமிச்சை உண்மையில் என்ன செய்கிறது? மீனின் தசைப் புரதங்கள் நீளமான சங்கிலிகள். குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கின்றன. சங்கிலியில் அங்கங்கே இருக்கும் மின்னூட்டங்கள் அந்த மடிப்பைப் பிடித்து வைப்பவற்றில் ஒன்று. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பிஎச் அளவில் 2 முதல் 2.5 வரை. மீன் தசை 6.5க்குப் பக்கத்தில். சாறு உள்ளே இறங்கும்போது மின்னூட்டங்கள் மாறி, மடிப்பு குலைந்து, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஊடே இருந்த நீர் வெளியேறுகிறது. கண்ணாடியாகத் தெரிந்த சதை ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகிறது. சூடும் இதே வேலையைத்தான் செய்கிறது, வழி வேறு. ஆகவே எலுமிச்சை சதையை வேகவைத்தது போலக் காட்டுவதில் பொய் ஒன்றும் இல்லை.

பொய் இருப்பது கிருமி விஷயத்தில். 74 டிகிரி செல்சியஸ் சூடு கோழியின் நடுப்பகுதி வரை எட்டிவிட்டால், சதையின் புரதத்தோடு சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் கிருமிகளின் புரதமும் குலைந்துபோகும். அமிலம் அப்படி இல்லை. கிருமிக்குத் தோல் உண்டு. உள்ளே நுழையும் அமிலத்தை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு. வயிற்றின் அமிலத்தைக் கடந்து குடல் வரை போய்ச் சேருவதையே பிழைப்பாகக் கொண்ட சால்மொனெல்லாவுக்கு எலுமிச்சைச் சாறு எம்மாத்திரம்? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் செவிச்சே முறையையே சோதித்துப் பார்த்தார்கள். கடல்நீர்க் கிருமியான விப்ரியோ எலுமிச்சையில் வெகுவாக மடிந்தது. சால்மொனெல்லா சிறிதளவே குறைந்தது. கோழியின் குடலில் குடியிருப்பது இரண்டாவது வகை. அறுக்கும்போது அது இறைச்சியில் ஒட்டும். பச்சைக்கோழியை எலுமிச்சையில் ஊறப்போட்டுத் தின்பது தைரியமல்ல, அறியாமை.

மீனுக்கும் முழு மன்னிப்பு கிடையாது. சூரை, அயலை போன்ற மீன்கள் பனிக்கட்டி காணாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். இந்த ஹிஸ்டமின் எலுமிச்சைக்கும் அடங்காது, கொதிக்கும் குழம்புக்கும் அடங்காது. வலையிலிருந்து எடுத்த கையோடு பனிக்கட்டியில் போடுவது ஒன்றே வழி.

அப்படியானால் அடுப்பில்லாத புரத உணவு நம் கடல் பக்கம் இல்லையா? இருக்கிறது, அதுவும் மெக்சிகோவைவிடப் பக்கத்தில். இலட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மாசி செய்கிறார்கள். கட்டையாக இறுகிவிடும். நீர் போய்விட்டதால் கிருமி வளர இடமில்லை; மாதக்கணக்கில் இருக்கும். மாலத்தீவுக்காரர்கள் இப்படி வெந்த சூரையைப் பொடியாக உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துக் கையால் பிசைந்து, ரொட்டியோடு காலையில் உண்கிறார்கள். பெயர் மாஸ் ஹுனி. இலங்கைத் தமிழர்களின் மாசிச் சம்பலும் இந்தக் குடும்பம்தான். உண்ணும் நேரத்தில் தீ வேண்டாம்; தீயின் வேலை கரையிலேயே முடிந்துவிட்டது. சல்பிக்கோனின் சூத்திரமும் இதுவேதான். நம் கருவாடு மட்டும் இதில் சேராது; பச்சை மீனை உப்பிட்டு உலர்த்துவதால் அதை மறுபடி சுடவோ பொரிக்கவோ வேண்டியிருக்கிறது.

மெக்சிகோ ருசி என்று நாம் சொல்வதில் பாதி நம் பக்கத்திலிருந்து போனது என்பதையும் சொல்ல வேண்டும். கோழி தென்கிழக்காசியக் காட்டுக்கோழியின் வாரிசு. ஸ்பானியர் கொண்டுபோகும்வரை மெக்சிகோவின் வீட்டுப் பறவை வான்கோழிதான். அங்கே மெக்சிகன் லைம் என்று விற்கும் சிறு எலுமிச்சையும் புளியங்குடிச் சந்தையில் குவியும் எலுமிச்சையும் ஒரே இனம். அதன் பூர்வீகம் ஆசியா. மல்லியும் சீரகமும் வெங்காயமும்கூட மெக்சிகோவில் தோன்றியவை அல்ல. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் தென்னையிலிருந்து கள் இறக்கும் வித்தையை மெக்சிகோவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கொலிமாவில் இன்றும் தென்னங்கள் குடிக்கிறார்கள். எதிர்த்திசையில் மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, வெண்ணெய்ப்பழம் இங்கே வந்தன. மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்.

மரச்சீனிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள, காந்தாரி மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உப்போடு அம்மியில் நசுக்கி எண்ணெய் ஊற்றும் சம்மந்தி இருக்கிறதே, அதில் புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தால் மெக்சிகோக்காரர் மொல்கஹெத்தே என்னும் கல்லில் அரைக்கும் சல்ஸாவிலிருந்து அதிக தூரம் இல்லை. சாலட்டை இங்கிருந்தே தொடங்கலாம். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து காந்தாரி, உப்பு ஆகியவற்றை நசுக்கி, இரண்டு எலுமிச்சை பிழிந்து பத்து நிமிடம் வையுங்கள். வெங்காயத்தைக் காரமாக்கும் நொதியின் வேகத்தை அமிலம் குறைக்கும். தோலின் ஆந்தோசயனின் நிறமி பளிச்சென்ற இளஞ்சிவப்பாகும். அதில் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் அரைக் கப், வறுத்துப் பொடித்த சீரகம், நறுக்கிய மல்லித்தழை. பிறகு தோலும் எலும்பும் நீக்கி நாராகப் பிய்த்த வெந்த நெஞ்சுக்கறி 300 கிராம், வெந்த கொண்டைக்கடலை ஒரு கப். தக்காளியையும் வெண்ணெய்ப்பழத்தையும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் உப்பு தக்காளியின் நீரை இழுத்து எல்லாவற்றையும் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

மெக்சிகோவில் ராஜ்மா போடுவார்களே என்று கேட்கலாம். போடலாம், நன்றாகக் கொதித்திருந்தால். ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் ஊறவைத்தால் மட்டும் போகாது; முளைகட்டிய பயறைப் போலப் பச்சையாகப் போட்டால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

புரதக் கணக்குக்கு வருவோம். வெந்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 31 கிராம் புரதம். மேலே சொன்ன அளவை மூன்று பேர் பகிர்ந்தால், கடலையும் தயிரும் சேர்த்து ஆளுக்கு 38 கிராம் அளவில் கிடைக்கும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராமும் போதும். ஒரு வேளையில் இவ்வளவு கிடைத்தபின், டப்பாவில் விற்கும் புரதப்பொடிக்கு என்ன தேவை என்று எனக்கு விளங்கவில்லை.

காந்தாரியின் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாக்கின் நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்ற வாயில் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் அதே வாயிலைக் குளிர்ந்த உணவிலும் திறந்துவிடுகிறது. மூளைக்குச் சூட்டுச் சேதி போகிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுப்பில்லாத உணவுக்கு இந்தக் கள்ளச்சூடு அவசியம், ஏனென்றால் குளிர்ந்த பண்டத்திலிருந்து மணம் குறைவாகவே எழும். போதாததற்கு, வெந்த கோழி ஒருநாள் கிடந்தால் அதன் இரும்புச்சத்து பட்டுக் கொழுப்பு ஆக்ஸிகரணமடைந்து, பழைய வாடை அடிக்கும். மல்லியும் எலுமிச்சையும் மிளகாயும் அந்த வாடையை மேலெழ விடுவதில்லை. காரம் மிஞ்சினால் தண்ணீர் குடிக்காதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரிலும் வெண்ணெய்ப்பழத்திலும் உள்ள கொழுப்பில் கரையும்.

வெந்த கோழியைப் பாத்திரத்தோடு மூடி இரவெல்லாம் அடுப்பு மேலேயே வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிர்ந்த சாலட்டுக்கு அந்தக் கோழி வேண்டாம். வேகும்போது சாகாத கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் மெல்ல ஆறும் குழம்பில் முளைத்துப் பெருகும். வெந்த கோழியை அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கலந்த சாலட் வெளியே இருக்கக்கூடிய நேரம் இரண்டு மணி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். கடியப்பட்டணத்துப் பகலில் ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தில் கட்டிக்கொண்டு போக இது ஆகாது, அதற்கு மாசிதான். வெங்காயம், மிளகாய், எலுமிச்சையை நறுக்காமல் தனியே எடுத்துப் போய், பசிக்கும்போது பிசைந்துகொள்ளலாம்.