எதிரொலி எதுவரை வருகிறது?

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை. வார விடுமுறை என்பதால் பர் துபாயின் ஃப்ளாட்டுகளில் ஆளாளுக்கு ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் நாள். அன்று அமீரகம் முழுக்க இணையம் மந்தமானது. நாட்டின் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் புகார் சொன்னார்கள். இப்படி ஆகும்போது எல்லா வீட்டிலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: யாராவது எழுந்து போய் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். ஆனால் அன்றைய பழுது எந்த வீட்டிலும் இல்லை. சுமார் 1,700 கிலோமீட்டருக்கு அப்பால், ஜெத்தா அருகே செங்கடலுக்கு அடியில், சீ-மீ-வீ 4, ஐ-மீ-வீ என்ற இரண்டு கேபிள்கள் சேதமடைந்திருந்தன.

வேறொரு நாள் இதே போல நெட் போகும். அன்றைக்குப் பழுது கட்டிலுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் ஒரு மெல்லிய ஒயரில் இருக்கும். திரையில் தெரிவது இரண்டு நாளும் ஒன்றே. கைக்கெட்டும் தூரமா, கடலடியா என்பதை அறையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடியும். அதற்கான கருவி ஒவ்வொரு கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அதன் பெயர் பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், தம் வலையமைப்பு ஒழுங்காக நடக்காததால் அவசரத்துக்கு எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து, எதிரே என்ன இருக்கிறது என்று அறியும். அந்த ஒலியின் பெயரைத்தான் மூஸ் தம் நிரலுக்கு வைத்தார். ஒரு முகவரிக்குச் சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பு. பதில் வருகிறதா, எத்தனை மில்லிநொடியில் வருகிறது என்று பார். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் உலகெங்கும் பொறியாளர்கள் முதலில் தட்டுவது இதைத்தான்.

பிங் மூலம் இப்படிக் குரல் கொடுப்பதைப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 127.0.0.1 என்ற முகவரி கணினி தன்னையே அழைப்பது; அந்தப் பொட்டலம் பெட்டியை விட்டு வெளியே போவதே இல்லை. அதற்கே பதில் இல்லையென்றால் கோளாறு இயங்குதளத்தில். பதில் வந்தால் அடுத்து, கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் அது தெரியும். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது ரூட்டர் வழங்கியது. 169.254 என்று தொடங்கினால் நிலைமை வேறு. கணினி முகவரி கேட்டு அழைத்திருக்கிறது, ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியோடு ரூட்டரைத் தாண்டி வெளியே போக முடியாது. படுக்கை ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கும் பெட்ஸ்பேஸ் வாழ்க்கையில் இது நேரலாம். ஒரே ஃப்ளாட்டில் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு லேப்டாப். ரூட்டரில் ஒதுக்கிவைத்த முகவரிகள் தீர்ந்துவிட்டால், கடைசியாக வந்தவருக்குக் கிடைக்காது.

அடுத்த குரல் ரூட்டருக்கு. அது மூன்று மில்லிநொடியில் பதில் சொன்னால் நல்லது. சில நேரம் ஐந்து, சில நேரம் ஐந்நூறு, சில நேரம் பதிலே இல்லை என்றால் சிக்கல் காற்றில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. பர் துபாயின் மீனா பஜாரைச் சுற்றிய பழைய கட்டடங்களில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்க்கடை என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அத்தனையும் அந்த மூன்று தடங்களில்தான் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்குவதால், சமையலறையில் யாராவது சாப்பாட்டைச் சூடாக்கும்போது மட்டும் பேச்சு அறுபடுவதில் வியப்பில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதில் அதற்கு வலு குறைவு. ஒரு லேன் கேபிளைச் செருகிப் பார்த்தால் பழி காற்றின் மேலா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, அதற்கப்பால் மௌனம் என்றால் சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டியைப் பாருங்கள். வீட்டு வாசல் வரை கண்ணாடி இழை போட்ட நாடுகளில் அமீரகம் உலகிலேயே முன்வரிசையில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை. இழையின் நடுவே ஒளி செல்லும் பாதை சுமார் 9 மைக்ரான் குறுக்களவுதான். தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. அதை இறுக்கி வளைத்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை, மேசைக்காலுக்கு அடியில் நசுங்கினாலே போதும். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆகவே கழன்ற முனையைக் கண்ணருகே பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்கவே கூடாது.

இந்த இழையில் நடக்கும் ஏற்பாடு என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. ஒரே இழையில் வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து போகும் ஒளி 1310 நானோமீட்டரிலும் எதிரெதிராகப் போகின்றன, மோதிக்கொள்வதில்லை. வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான், அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. எல்லா வீட்டுக்கான தரவும் எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு உரியதை மட்டுமே பிரித்துப் படிக்கும். திரும்பிப் போகும்போதோ நொடியின் மிகச் சிறு துண்டுகளாக முறைவைத்து, ஒவ்வொரு வீடும் தன் முறை வரும்போது மட்டும் ஒளிர்கிறது.

பெட்டி பச்சையாக இருந்தால், வெளி இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குக் குரல் கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கைவிட்டிருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினிகளுக்குப் போகும் வழியே இணையத்தின் வரைபடத்திலிருந்து அழிந்துபோயிருந்தது.

இதற்கெல்லாம் அப்பால்தான் கடல். அமீரகத்தின் ஃபுஜைராவில் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபிள் சென்னையிலும் கரையேறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். துபாய்க்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆகவே போய்த் திரும்ப 29 மில்லிநொடிக்குக் குறைவாக எந்தக் கேபிளாலும் முடியாது. வழக்கமாக வரும் எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு, அது திடீரென்று இரண்டு மூன்று மடங்கானால் பொட்டலம் சுற்றுவழியில் போகிறது என்று புரிந்துவிடும்.

கேபிள் அறுந்த இடத்தைக் கடலில் கண்டுபிடிப்பதும் இதே முறைதான். கரையிலிருந்து ஓர் ஒளித்துடிப்பை இழைக்குள் அனுப்புகிறார்கள். இழையிலிருந்து சிதறித் திரும்பும் ஒளி எந்த நொடியில் நின்றுபோகிறது என்று அளந்து, முறிவின் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். பிறகு கப்பல் அங்கே போய், கொக்கி போட்டு முனைகளை மேலே இழுத்து ஒட்டுகிறது. 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்து, வளைகுடாவும் இந்தியாவும் தடுமாறின. இரண்டே நாளில், பிப்ரவரி 1 அன்று, துபாயிலிருந்து 56 கிலோமீட்டர் தூரத்தில் ஃபால்கன் கேபிளும் போனது. நாசவேலை என்று வதந்தி பறந்தது. பழுது பார்க்கப் போன கப்பல் அங்கே கண்டெடுத்தது, யாரோ கைவிட்ட, ஐந்தாறு டன் எடையுள்ள ஒரு நங்கூரம். உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான்.

ஆகவே அடுத்த முறை நெட் போனால், ரூட்டரின் பின்புறமுள்ள ரீசெட் துளையில் ஊசியை நுழைக்காதீர்கள். நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்தால், கோளாறு ஒன்றோடு நிற்காது. முகவரி எப்படித் தொடங்குகிறது, ரூட்டர் பதில் சொல்கிறதா, பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, 8.8.8.8 வரை போகிறதா என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுங்கள்.