கப்பலில் ஓர் இரவு

பேருந்துப் பயணமும் இரயில் பயணமும் நம் அனைவருக்கும் பழக்கமானவை. ஆனால் கடலின் மீது ஓர் இரவைக் கழித்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. இரயில் வழியில் நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாம். நடுக்கடலில் அது இயலுமா? ஆகவே, கப்பல் ஏறுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றைக் காண்போம்.

இலட்சத்தீவு என்பது அரபிக்கடலில் உள்ள 36 தீவுகளின் கூட்டம். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் இவை சிதறிக் கிடக்கின்றன. நாம் செல்லும் தீவைப் பொறுத்து, பயணம் 14 முதல் 18 மணி நேரம் வரை ஆகும். அத்தீவுகளைச் சேராதவர்கள் அங்கே செல்ல நுழைவு அனுமதி பெற வேண்டும். அனுமதிச் சீட்டு, பயணச் சீட்டு, அடையாள அட்டை ஆகிய மூன்றையும் நனையாத உறையிலிட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூட்டை கட்டும்போது இரவுக்கு வேண்டியவற்றைத் தனியே ஒரு சிறு பையில் வைப்பது நலம். போர்வை, டார்ச் விளக்கு, குடிநீர், மருந்து, மாற்றுடை ஆகியவை போதும். கப்பலின் தளம் ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பே ஏற்றது. தரையில் புரளும் ஆடை செங்குத்தான படிகளில் காலைத் தடுக்கும். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். இரும்புக் கதவுகள் கனமானவை. அலையில் கப்பல் சாயும்போது அவை தாமே மூடிக்கொள்ளும். விரல்கள் பத்திரம்! வாசற்படிகளும் உயரமானவை, பார்த்துத் தாண்ட வேண்டும்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலை என்ன? கடலை வேடிக்கை பார்ப்பதா? இல்லை. நமது படுக்கையைக் கண்டதும், உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைக் கட்டும் முறையைப் பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். ஆபத்துக் காலத்தில் நாம் கூட வேண்டிய இடம் எது என்று அறிந்து, அங்கே ஒருமுறை நடந்து போய்வர வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அதுவே அபாய அறிவிப்பு. உலகெங்கும் கப்பல்களில் இதுவே வழக்கம்.

இது வீண் அச்சமன்று. 2021 டிசம்பர் 1 அன்று, 600க்கும் மேற்பட்ட பயணிகளுடன் இத்தீவுகளிடையே சென்ற 'எம்.வி. கவரத்தி' என்னும் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. தீ அணைக்கப்பட்டது, கடலோரக் காவல் படையினர் உதவிக்கு விரைந்தனர், பயணிகள் அனைவரும் தப்பினர். இத்தகைய வேளையில் வழி தெரிந்தவர் பதறுவதில்லை. அருகிலுள்ள முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அவரே துணையாகிறார்.

இனி, பலரையும் வாட்டும் கடல் மயக்கத்திற்கு வருவோம். உட்காது அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் தலை சுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. ஆகையால் மேல்தளத்திற்குச் சென்று, தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தால் தெளிவு பிறக்கும். இருட்டிய பின், கண்களை மூடி மல்லாந்து படுப்பது நல்லது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. இடம் கேட்கும்போது இதை நினைவில் கொள்ளலாம். எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்த்து, இட்லி போன்ற எளிய உணவை அளவாக உண்ண வேண்டும்; வெறும் வயிறும் ஆகாது. மருத்துவர் தரும் மாத்திரையைக் குமட்டல் தொடங்குமுன்பே விழுங்கினால்தான் பயன் மிகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அலைகள் பெரிதாக இருக்கும். முதன்முறை செல்வோர் அம்மாதங்களைத் தவிர்க்கலாம்.

பொழுது விடிந்ததும் தீவு தெரியும். ஆனால் பல தீவுகளைச் சுற்றிலும் பவளப் பாறைகள் உள்ளதால், பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. சற்றுத் தொலைவில் நின்றுவிடும். நாம் படகுக்கு மாற வேண்டும். இங்கேதான் அவசரம் கூடாது. மூட்டைகளை முதலில் கொடுத்துவிட்டு, இரு கைகளையும் வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டும். அலையில் படகு உயர்ந்து வரும் கணத்தில், மாலுமி சொன்ன பிறகே காலை வைக்க வேண்டும். முந்துவதும் தள்ளுவதும் மற்றவர் உயிருக்கும் கேடு.

தோழியரே! கடல் நமக்காகத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது; நாம்தான் அதற்கேற்ப ஆயத்தமாக வேண்டும். கப்பல் ஏறியதும் அரை மணி நேரம் விழிப்போடு இருந்தால், இரவு முழுவதும் அமைதியாக உறங்கலாம். விடியலில் தென்னை மரங்கள் சூழ்ந்த தீவையும், நீலமும் பச்சையுமாய் மின்னும் நீர்ப்பரப்பையும் மகிழ்ச்சியுடன் கண்டு களிக்கலாம்.