உயிர்ப்பு இரவில் நாம் சொல்லும் பதில்



நம் பங்கு ஆலயங்களில் ஆண்டிலேயே மிக நீண்ட வழிபாடு பாஸ்கா திருவிழிப்பு. இருளில் புதுத் தீ மந்திரிக்கப்படுகிறது. ஆண்டின் எண்கள் பொறித்த பாஸ்கா மெழுகுதிரி அந்தத் தீயில் ஏற்றப்படுகிறது. அதிலிருந்து ஒருவர் மற்றவருக்கு ஒளியைக் கொடுக்க, கோவில் முழுவதும் வெளிச்சமாகிறது. பாஸ்கா புகழுரை பாடப்படுகிறது. படைப்பு தொடங்கி மீட்பின் வரலாறு வாசகங்களாக வருகிறது. அவற்றில் செங்கடலைக் கடந்த நிகழ்ச்சியை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது என்பது திருஅவையின் ஒழுங்கு. வானவர் கீதத்தின்போது மணிகள் ஒலிக்கின்றன. புனித வியாழன் இரவுக்குப் பிறகு அப்போதுதான் அவற்றின் ஓசையைக் கேட்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு, மடியில் குழந்தைகள் தூங்கிவிட, பெரியவர்களுக்கும் கண் சொக்கும் வேளையில், ஒரு சிறு பகுதி வருகிறது. அருள்பணியாளர் கேள்வி கேட்கிறார். கையில் எரியும் திரியுடன் நாம் பதில் சொல்கிறோம். அலகையையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறோமா? தந்தையை, மகனை, தூய ஆவியாரை நம்புகிறோமா? சில நிமிடங்களில் இது முடிந்துவிடுகிறது. பலர் வாய் பழகிய சொல்லாகவே பதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தவக்காலத்தின் நாற்பது நாள்களும் நம்மை இந்தச் சில நிமிடங்களுக்காகவே தயாரித்தன. அதிலும் முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு இந்தக் கேள்வி பதிலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

1535-ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தக் கரையின் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். முத்துச் சலாபத்தின் உரிமை குறித்த பூசலில் உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்தபோது, ஊர்த் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டனர். தலைவர்கள் முடிவெடுத்தனர், ஊர் ஊராக மக்கள் முழுக்குப் பெற்றனர். பாதுகாப்புத் தேடியே நம் முன்னோர் மறையில் சேர்ந்தனர் என்று வரலாறு சொல்வதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கடவுள் மனிதரை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் அழைக்கிறார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். கிறிஸ்தவர்களாக நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று மக்களைக் கேட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. போர்த்துக்கீசிய மொழி தெரியாததால் தங்கள் நம்பிக்கை என்னவென்றே அம்மக்கள் அறியவில்லை என்று, பின்னர் எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது நம் கவனத்துக்கு உரியது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளத்தையும், நம்பிக்கை அறிக்கையையும், கற்பனைகளையும், செபங்களையும் தமிழில் ஆக்கினார். அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியதும், நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்டார். மக்கள் கைகளை நெஞ்சின்மேல் சிலுவையாக வைத்து, ஆம், நம்புகிறோம் என்று உரத்த குரலில் பதில் சொன்னார்கள். 1544-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உரோமைத் தோழர்களுக்கு அவர் எழுதிய மடலில் இந்தக் காட்சி இருக்கிறது.

வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை இந்தக் கரையில் அன்று கேட்ட அந்தக் குரல்தான் நம் மக்களின் திருமுழுக்கை நிறைவு செய்தது. தண்ணீர் முன்பே ஊற்றப்பட்டுவிட்டது. அறிந்து சொல்லும் பதில் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்தப் பதில் நிலைக்க வேண்டும் என்று அருள்பணியாளர் என்றிக்கே என்றிக்கசு புன்னைக்காயலை மையமாகக் கொண்டு பல்லாண்டு உழைத்தார். தமிழில் அச்சான தொடக்க நூல்களான ‘தம்பிரான் வணக்கம்’ (1578), ‘கிரீசித்தியானி வணக்கம்’ (1579) இரண்டும் அவர் தந்தவை. இரண்டாவது நூல் கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது.

இனி உயிர்ப்பு இரவுக்குத் திரும்புவோம். 1951-ஆம் ஆண்டுக்கு முன் பாஸ்கா திருவிழிப்பு புனித சனிக்கிழமை காலையிலேயே நடந்தது. வெளியே வெயில் அடிக்க, உள்ளே இரவின் மேன்மையைப் பாடினார்கள். திருத்தந்தை 12-ஆம் பயஸ் அதை மீண்டும் இரவில் கொண்டாட வழிசெய்தார். 1956 முதல் அதுவே எங்கும் ஒழுங்காயிற்று. மக்கள் அனைவரும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் சடங்கும் அந்தச் சீர்திருத்தத்தில்தான் திருவிழிப்பில் சேர்ந்தது. வழிபாடு இலத்தீனில் நடந்த அந்தக் காலத்திலும், இந்தப் பகுதியை மட்டும் மக்களின் தாய்மொழியில் நடத்த இசைவு தரப்பட்டது. புரிந்து சொல்ல வேண்டிய பதில் அல்லவா?

இன்னொன்றும் கவனிப்போம். இலத்தீன் மூலத்தில் கேள்வி எல்லாரையும் பார்த்துப் பன்மையில் கேட்கப்படுகிறது. பதிலோ ஒருமையில் இருக்கிறது. ‘நம்புகிறேன்’ என்று ஒவ்வொருவரும் தமக்காகச் சொல்ல வேண்டும். தந்தைக்காக மகனோ, மனைவிக்காகக் கணவரோ, ஊருக்காகத் தலைவரோ அங்கே பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் நம்பிக்கை என்பது தனி ஆளின் காரியமா? நம் கடல் தொழிலே இதற்கு விளக்கம் தருகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் அது எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியும். குளிப்பவர் கல்லின் கனத்தில் ஆழத்துக்கு இறங்குவார். அங்கே அவர் தனி ஆள். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்ததும் மேலே இழுப்பார். தங்கையின் வாழ்வை நினைத்துப் பார்க்கும் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருமுழுக்கும் அப்படியே. ஞானஸ்நானம் என்ற நம் பழைய சொல்லிலும் குளிப்புதான் இருக்கிறது. கிறிஸ்துவோடு அவரது சாவுக்குள் மூழ்கி, அவரோடு புதுவாழ்வுக்கு எழுகிறோம் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதியதை அதே இரவில் வாசிக்கிறோம். இறங்குவது ஒவ்வொருவரும் தாமே. கயிற்றைப் பிடித்திருப்பது ஞானப் பெற்றோரும் பங்குக் குடும்பமும்.

அந்தக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு உயிர்ப்பு ஞாயிறு மதிய விருந்தோடு முடிவதில்லை. பாஸ்கா காலம் பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாள்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா காலத்தின் பெரும்பகுதி இந்த நாள்களில்தான் வருகிறது. கோவிலில் அல்லேலூயா பாடும்போது, பல வீடுகளில் வருமானம் நின்றிருக்கிறது. கடன் ஏறுகிறது, கையிலிருக்கும் நகை அடகுக்குப் போகிறது, சும்மா இருக்கும் பொழுதில் குடி கூடுகிறது.

ஆகவே அலகையின் செயல்களை விட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போது, அவற்றுக்கு நம் தெருவில் என்ன பெயர் என்று நினைத்துக்கொள்வோம். குடும்பத்தைக் குலைக்கும் குடி. இல்லாதவனிடம் வாங்கும் மீட்டர் வட்டி. படகு உரிமையாளரும் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றும் பங்குக் கணக்கு. திருவிழாவிலும் தீராத ஊர்ப் பகை. நம்புகிறேன் என்று சொல்லும்போதும், அதன் விளைவு பக்கத்து வீட்டில் தெரிய வேண்டும். தடைக்காலம் முடியும்வரை வட்டியை நிறுத்தி வைக்கலாம். அடுப்பு எரியாத வீட்டுக்கு அரிசி கொண்டு கொடுக்கலாம். பேசாமல் இருக்கும் அண்ணன் வீட்டுப் படியை ஏறலாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்ற பதில் 1542-ல் சவேரியாருக்குப் போதவில்லை. எதை நம்புகிறீர்கள் என்று அவர் மேலும் கேட்டார். பாஸ்கா திரி பீடத்தருகே நிற்கும் இந்த ஐம்பது நாள்களும் திருஅவை நம்மிடம் அதையே கேட்கிறது. நெஞ்சில் கைவைத்து, புரிந்து, உரத்த குரலில் பதில் சொல்லும் அருளை உயிர்த்த ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.