பதினாறு செயலிகளும் ஒரு வாசலும்

பெரிய சர்வரை வாங்கிவிட்டால் வேகமும் பெரிதாகிவிடும் என்று நம்பாதவர்கள் குறைவு. நான் போய்ப் பார்த்த ஒரு நிறுவனத்தில், நான்கு கோர் இருந்த பழைய சர்வரை எடுத்துவிட்டுப் பதினாறு கோர் உள்ள புதியதை வைத்திருந்தார்கள். பத்து கிகாபிட் நெட்வொர்க் கார்டு வேறு. ஆனாலும் கிளை அலுவலகங்களில் திரை முன்போலவே தயங்கித் தயங்கித்தான் நிறைந்தது. அடுத்து முப்பத்திரண்டு கோருக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார் மேலாளர். உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு கோர் நூறு சதவீதம் உழைத்துக்கொண்டிருக்கிறது; மற்ற பதினைந்தும் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன.

காரணம் வாசலில் இருந்தது. நெட்வொர்க்கில் தகவல் சிறு பொட்டலங்களாக வருகிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும். கார்டு அதை நினைவகத்தில் ஒரு வரிசையில் இறக்கிவைத்துவிட்டுச் செயலியின் கதவைத் தட்டும். இந்தத் தட்டலுக்கு இண்டரப்ட் என்று பெயர். செயலி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும்.

பத்து கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய 64 பைட் பொட்டலங்கள் நெருக்கியடித்து வந்தால் வினாடிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சம். ஒவ்வொன்றுக்கும் 67 நானோ வினாடிதான் அவகாசம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது ஏறக்குறைய 200 துடிப்பு. ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போனால் கதவு திறப்பதிலேயே பொழுது போய்விடும். இந்த நிலையை ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார்கள். இன்றைய லினக்ஸ் முதல் தட்டலோடு மணியை நிறுத்திவைத்து, வரிசையில் உள்ளதைத் தானே போய்க் கொத்தாக அள்ளிவருகிறது.

அப்படியும் ஒரு வரிசைக்கு ஒரு கோர்தான். ஆகவே கார்டிலேயே பல வரிசைகள் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கோருக்கு ஒதுக்கினார்கள். இதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர் (நீங்கள் நினைப்பது அல்ல). பொட்டலங்களைச் சீட்டுக்கட்டுபோல ஆளுக்கொன்றாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தொடர்கதையின் ஏழாம் அத்தியாயம் ஆறாவதற்கு முன் வந்துவிடும். "ஆறைக் காணோம்" என்று பெறுபவர் மூன்று தடவை திரும்பச் சொன்னால், அது தொலைந்தது என்று முடிவுகட்டி டிசிபி மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எனவே ஓர் உரையாடலின் பொட்டலங்கள் எல்லாம் ஒரே வரிசைக்குத்தான் போகவேண்டும். இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கலந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்து வரிசையைத் தீர்மானிக்கிறது கார்டு. இந்தக் கணக்குக்கு, 1940இல் ஜெருசலேமில் மறைந்த கணித அறிஞர் ஓட்டோ டோப்ளிட்ஸின் பெயர். நெட்வொர்க் கார்டுக்குள் போய் உட்காருவோம் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

நான் பார்த்த சர்வரிலும் எட்டு வரிசைகள் இருந்தன. ஆனால் எல்லாக் கிளைகளின் போக்குவரத்தும் தலைமை ரவுட்டரிலிருந்து ஒரே ஜிஆர்ஈ குழாய் வழியாக வந்தது. பல ஊர்க் கடிதங்களை ஒரே பெரிய உறைக்குள் போட்டு அனுப்புவதுபோல. கார்டு பார்த்தது வெளியுறையை மட்டும். அனுப்புநர், பெறுநர் எப்போதும் அதே இருவர். போர்ட் எண் கிடையாது. கணக்கின் விடையும் எப்போதும் ஒன்றே. முப்பத்திரண்டு கோர் வாங்கியிருந்தால் முப்பத்தொன்று சும்மா இருந்திருக்கும்.

கிளைக்கொரு முகவரி, கிளைக்கொரு குழாய் என்று பிரித்ததும் சுமை பரவியது. சமமாக அல்ல; பெரிய கிளைகள் இரண்டு ஒரே வரிசையில் போய் விழுந்தன. எந்த எண்ணுக்கு எந்த வரிசை என்று சொல்லும் அட்டவணையை ஈத்டூல் கொண்டு திருத்தி அதைச் சரிசெய்தோம். குழாயைப் பிரிக்க வழியில்லாதவர்களுக்கு, 2010 முதல் லினக்ஸில் உள்ள ஆர்பிஎஸ் உதவும்: முதல் கோர் உள்ளுறையைப் பார்த்து மற்றவற்றுக்குப் பகிரும். ஆனால் முதல் கைவேலை அதே கோருக்குத்தான்.

பலரும் முதலில் கை வைப்பது வரிசையின் நீளத்தில். திடீர் நெரிசலுக்கு அது உதவும். நாள் முழுதும் பின்தங்கும் கோருக்கு உதவாது, காத்திருப்பைத்தான் நீட்டும். அதைத் தொடுமுன், எந்தக் கோர் எத்தனை தட்டல் வாங்கியது என்ற பட்டியலைப் பாருங்கள். லினக்ஸ் அதை ஒரு சாதாரணக் கோப்பாகவே தருகிறது. வாசிக்க ஒரு நிமிடம் ஆகாது.