பெட்டிக்குள் அடைபட்ட வெப்பம்

சித்திரை மாதத்து நடுப்பகல். ஒரு சிறிய நூற்பாலைக்குள் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் இரும்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. இயந்திரங்களுக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் அதனுள் இருக்கின்றன. 'பேனல்' என்பார்கள் அங்கு வேலை செய்பவர்கள். அதன் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. எதிரே ஒரு மேசை விசிறி உள்நோக்கிக் காற்றை வீசிக்கொண்டிருக்கிறது.

"கதவைச் சாத்தினால் மெஷின் நின்றுவிடுகிறது, சார்!" என்பார் அங்குள்ள எலக்ட்ரீஷியன். இக்காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் செய்வது சரியா? அதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப்போகிறோம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மின்னோட்டம் பாயும் கடத்தி சூடேறும் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இது ஜூல் விதி. ஒரு திருகு சற்றே தளர்ந்திருந்தால் அந்த இணைப்பில் மின்தடை கூடி, அந்த இடம் தனியாகச் சூடேறும்.

இன்றைய ஆலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'டிரைவ்' என்னும் மின்னணுக் கருவி பயன்படுகிறது. தன் வழியே செல்லும் மின்திறனில் சுமார் 3 சதவீதத்தை அது வெப்பமாக மாற்றிவிடும். 15 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 11 கிலோவாட். அதில் 3 சதவீதம் 330 வாட். எட்டுப் பத்து பழைய குண்டு பல்புகளைப் பெட்டிக்குள் ஓயாமல் எரியவிடுவதற்கு இது சமம்!

ஒரு சிறு கணக்கு

மூடிய பெட்டியிலிருந்து வெப்பம் வெளியேற ஒரே வழி அதன் சுவர்கள்தாம். வர்ணம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டியில், உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஏறத்தாழ 5.5 வாட் வெப்பம் வெளியேறும். இது பொறியாளர்கள் கையாளும் மதிப்பு.

நம் பெட்டியின் உயரம் 1.2 மீட்டர், அகலம் 0.8 மீட்டர், ஆழம் 0.3 மீட்டர் எனக் கொள்வோம். முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருப்பதால் அதையும், அடிப்பக்கத்தையும் விட்டுவிடுவோம். மீதிப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். ஆகவே, ஒரு டிகிரிக்கு 11 வாட் வெளியேறும். 330 வாட்டும் வெளியேற 30 டிகிரி வேறுபாடு வேண்டும். வெளியே 40° செல்சியஸ் என்றால் பெட்டிக்குள் 70°!

பெரும்பாலான டிரைவ்கள் 40° முதல் 50° வரை உள்ள சூழலுக்காகச் செய்யப்பட்டவை. அதற்குமேல் போனால் தம்மைக் காத்துக்கொள்ள அவை தாமே நின்றுவிடும். மெஷின் நின்ற காரணம் புரிந்ததா? மேலும், அவற்றிலுள்ள மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

அப்படியானால் கதவைத் திறந்து வைப்பதில் என்ன தவறு?

பஞ்சுத் துகள்கள் உள்ளே பறந்து சென்று படியும். அவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. ஒரு சிறு பொறி போதும். பல்லி ஒன்று உள்ளே ஏறி இரண்டு முனைகளை இணைத்துவிடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, மின்னழுத்தம் உள்ள பாகங்களில் யாருடைய கையாவது படலாம். பெட்டி வைத்திருப்பதே இவற்றைத் தடுக்கத்தானே!

பெட்டியின் மேல் 'ஐபி 54' என்பதுபோல் எழுதியிருப்பதைக் காணலாம். முதல் இலக்கம் திடப்பொருளும் தூசியும் புகாமல் காக்கும் திறனையும், இரண்டாவது இலக்கம் நீர் புகாமல் காக்கும் திறனையும் குறிக்கும். கதவு திறந்திருந்தால் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

விசிறியை எங்கே வைப்பது?

மூடிய பெட்டிக்குள் ஒரு விசிறியை மட்டும் வைத்தால் போதுமா? போதாது. ஓரிடத்தில் தேங்கிய வெப்பத்தை அது பரப்பும், ஆனால் வெளியேற்றாது. தன் பங்கிற்குக் கொஞ்சம் வெப்பத்தையும் சேர்க்கும்!

வெளிக்காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வேண்டும். சூடான காற்று மேலே எழும் அல்லவா? ஆகவே வடிகட்டியுடன் கூடிய நுழைவாயில் கீழேயும், வெளிவாயில் மேலேயும் இருக்கும். 330 வாட்டை 10 டிகிரி வேறுபாட்டிலேயே வெளியேற்ற, மணிக்குச் சுமார் 100 கன மீட்டர் காற்று தேவை. சிறு விசிறி ஒன்றே இதைச் செய்துவிடும். ஆனால் நூற்பாலையில் வடிகட்டி விரைவில் பஞ்சால் அடைபடும். அடிக்கடி துப்புரவு செய்யாவிட்டால் பயனில்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டிரைவின் முதுகில் உள்ள அலுமினியத் துடுப்புகளைப் பெட்டியின் பின்சுவர் வழியே வெளியே நீட்டிப் பொருத்துவது. பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் போதும். பெரும்பகுதி வெப்பம் பெட்டிக்குள் வராமலே போய்விடும். தெருவோரத்து டிரான்ஸ்பார்மரின் பக்கங்களில் வரிவரியாகத் தகடுகள் இருப்பதும் பரப்பைப் பெருக்கி வெப்பத்தை விரட்டத்தான்.

பேனலுக்கென்றே சிறு குளிர்சாதனங்களும் உண்டு. ஆனால் அளவுக்கு மீறிக் குளிரவைத்தால், கதவைத் திறந்தவுடன் ஈரக்காற்று பட்டு, குளிர்ந்த நீருள்ள டம்ளரின்மேல் போல் கருவிகள்மேல் நீர்த்துளிகள் படியும். மின்சாரத்திற்கு அது ஆகாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள, மூடியுடன் கூடிய இரண்டு பளபளப்பான தகர டப்பாக்களை எடுங்கள். ஒன்றின் வெளிப்புறத்தில் ஏதேனும் ஒரு வர்ணம் பூசிக் காயவிடுங்கள். இரண்டிலும் சம அளவு வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலைமானியால் அளந்து குறியுங்கள். வெந்நீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். வர்ணம் பூசிய டப்பா விரைவில் ஆறும்! பளபளப்பான உலோகம் வெப்பக்கதிர்களைக் குறைவாகவே வீசும். ஜான் லெஸ்லி என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1804-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சோதனைகளை விவரித்தார். வெள்ளை வர்ணமும் ஏறக்குறையக் கறுப்பைப் போலவே வெப்பக்கதிர்களை வீசும். ஆனால் வெயிலைக் குறைவாகவே ஏற்கும். வெயிலில் நிற்கும் பெட்டிகளுக்கு வெளிர் நிறம் ஏற்றது என்பது இதனால்தான்.

கதவைத் திறந்துவைத்த எலக்ட்ரீஷியன் நோயைச் சரியாகத்தான் கண்டார், மருந்துதான் தவறு. தளர்ந்த திருகுகளை இறுக்குவது, அடைபட்ட வடிகட்டியை மாற்றுவது, துடுப்புகளை வெளியே வைப்பது, பெட்டியைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுவது ஆகியவையே சரியான மருந்து. இந்த வேலைகளை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவர்தாம் செய்யவேண்டும். இனிக் கதவு திறந்து கிடக்கும் மின்பெட்டியை எங்கேனும் கண்டால், அருகே செல்லாதீர்கள். தள்ளி நின்று, பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். ஏன் மூடவேண்டும் என்று கேட்டால் விளக்கவும் இப்போது உங்களுக்குத் தெரியும்.