கடைசி ஒரு சாண்

உங்கள் வீட்டு வாசற்கதவைக் கைப்பிடியைத் தொடாமல், கீலுக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கைவைத்துச் சாத்திப் பாருங்கள். கதவு பல மடங்கு கனத்துவிட்டதுபோல் இருக்கும். கதவின் விளிம்புக்குள் புதைந்திருந்து அதைத் தானாகச் சாத்தும் டோர் க்ளோசருக்கு வாய்த்த இடம் அதுதான். வழக்கமான க்ளோசர் மேலே முழங்கைபோல மடங்கி நின்று, நீண்ட கரத்தால் எட்டித் தள்ளும். புதைந்திருப்பதோ கீல் ஓரத்திலிருந்தே, பெரும்பாலும் ஒரு சங்கிலியால், நிலையைப் பற்றி இழுக்க வேண்டும்.

அதன் பலம் நாம் கொடுத்ததுதான். திறக்கும்போது நாம் தள்ளுகிற தள்ளலை ஸ்பிரிங் சுருங்கி வைத்துக்கொண்டு, கையை எடுத்ததும் திருப்பித் தருகிறது. படாரென்று அறையாதபடி, பிஸ்டனுக்கு முன்னால் உள்ள எண்ணெய் ஊசித்துளை வழியே கசிந்துதான் போகும். கசிகிற வேகமே கதவின் வேகம். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், இருட்டிலும் நடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

கடைசி ஒரு சாணில்தான் பிடிவாதமான போராட்டம். புகைத்தடுப்புப் பட்டையின் உராய்வும் பூட்டு நாக்கின் ஸ்பிரிங்கும் நடையில் வீசும் காற்றும் சேர்ந்து எதிர்க்கும்.

கதவு சாத்தாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ அந்த வீட்டையும் அதன் வாசல் நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. வீட்டார் தப்பி வெளியேறிய பின் தானாகச் சாத்தியிருக்க வேண்டிய கதவு சாத்தவில்லை. புகை மேல்மாடிகளுக்கெல்லாம் ஏறியது. இறந்த 17 பேரில் 8 பேர் குழந்தைகள். எல்லோரையும் கொன்றது புகை.

ஐரோப்பியத் தரவிதி க்ளோசர்களின் வலிமையை 1 முதல் 7 வரை வகுக்கிறது. தீத்தடுப்புக் கதவுக்கு 3-க்குக் கீழே ஆகாது. க்ளோசரைக் கதவுக்குள் மறைத்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. கண்ணை உறுத்துகிறதென்று யாரும் கழற்றி வைக்க மாட்டார்கள். ஆனால் அதற்காக, அரை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டிய, பெரும்பாலும் 44 மி.மீ. கனமே உள்ள கதவைக் குடைகிறோம். குடைந்த இடத்தில், சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் உறை இருந்தாக வேண்டும். கதவுக்கு ஒரு சான்று, க்ளோசருக்கு ஒரு சான்று என்று தனித்தனியே காட்டினால் நான் ஏற்க மாட்டேன். அந்த வகைக் கதவில் அந்த க்ளோசரைப் பொருத்தி எரித்துச் சோதித்த சான்றைக் கேளுங்கள்.

பொருத்தி முடித்ததும் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து விட்டுவிடுங்கள். நாக்கு 'டக்'கென்று விழும் சத்தம் கேட்காவிட்டால், தச்சரைப் படியிறங்க விடாதீர்கள்.