விடை தேடும் இல்லங்கள்

நோயுற்று இறந்தவரின் இல்லத்தில் துக்கம் நாளடைவில் ஆறுகிறது. கொலையுண்டவரின் இல்லத்திலோ துக்கத்துடன் ஒரு கேள்வியும் குடியேறிவிடுகிறது: இதைச் செய்தவர் யார்? தடயவியல் இதற்கு விடை கூறிவிடும் என நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால், கிடைத்த தடயத்தைக் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலவில்லை என்று அவ்வறிவியலே கைவிரிக்கும் வேளைகளும் உண்டு. அப்போது குடும்பத்தார் படும் பாட்டை அமெரிக்காவின் பாஸ்டன் நகர வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

1962 சூன் முதல் 1964 சனவரி வரை அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பெண்கள் கொலையுண்டனர். பெரும்பாலோர் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டனர். இறுதியாக 1964 சனவரி 4 அன்று உயிரிழந்தவர் 19 வயது மேரி சல்லிவன். ஆல்பர்ட் டிசால்வோ என்பவன் இக்கொலைகளைத் தானே செய்ததாகக் கூறினான். ஆனால் அவனைக் கொலைகளோடு பிணைக்கும் தடயம் இல்லாமையால், அவற்றுக்காக அவன்மீது வழக்கு நடைபெறவில்லை. வேறு குற்றங்களுக்காக 1967-இல் ஆயுள் தண்டனை பெற்ற அவன், 1973-இல் சிறையிலேயே குத்திக் கொல்லப்பட்டான். கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

மேரியின் சகோதரி மகன், உண்மைக் கொலையாளி வேறொருவன் என்றே பல்லாண்டுகள் கருதினார். குடும்பத்தாரின் விருப்பப்படி 2000-இல் மேரியின் கல்லறை திறக்கப்பட்டது. உடலில் கண்ட மரபணு டிசால்வோவினுடையது அன்று என மறு ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். ஆனால் அது கொலையாளி விட்டுச் சென்றதுதானா என்பது ஐயத்திற்கிடமாகவே இருந்தது. கல்லறையைத் திறந்தும் குடும்பத்திற்கு அமைதி கிட்டவில்லை.

கொலை நடந்த இடத்தில் எடுத்த தடயங்களைக் காவல்துறை பாதுகாத்து வைத்திருந்தது. 2013-இல் புதிய முறைகளால் அவை மீண்டும் ஆராயப்பட்டன. டிசால்வோவின் சகோதரர் மகன் அருந்திவிட்டு எறிந்த தண்ணீர்ப் புட்டியிலிருந்து மரபணு எடுக்கப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் மரபுக்கூறு இரண்டிலும் ஒத்திருந்தது. ஆடவருள் 99.9 விழுக்காட்டினர் இதனால் விலக்கப்பட்டனர். எனினும் ஒரே தந்தைவழியினர் அனைவர்க்கும் அக்கூறு பொதுவாகையால், ஆய்வாளர் அத்துடன் நின்றுவிடவில்லை. அவ்வாண்டு சூலையில் டிசால்வோவின் உடலைத் தோண்டியெடுத்து ஒப்பிட்டனர், மரபணு பொருந்தியது. கொலை நிகழ்ந்து 49 ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை அது. தம் நெடுநாளைய கருத்துக்கு மாறாயிருந்தும், மேரியின் சகோதரி மகன் அதை ஏற்றுக்கொண்டார்.

ஆயினும் இவ்விடை மேரி ஒருவருக்கே உரியது. மற்றப் பத்துக் குடும்பங்களுக்கு அத்தகைய மரபணுத் தடயம் எஞ்சவில்லை. டிசால்வோவின் வாக்குமூலம் ஒன்றே அவர்கள் முன் உள்ளது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை சில உண்டு. குடும்பத்தார் வேண்டுவது எவரேனும் ஒருவரின் பெயரை அன்று, உண்மையை. ஆகவே, ‘முடிவு கூற இயலவில்லை’ என்னும் நேர்மையான அறிக்கை, அவசரத்தில் கூறப்படும் பொய் முடிவினும் மேலானது. இன்று வாய் திறவாத தடயம் நாளை பேசக்கூடும். அதைப் பேணிக் காப்பது அரசின் கடமை.

நம் கடமையும் ஒன்றுண்டு. இத்தகைய இல்லம் நம் அண்டையில் இருக்குமாயின், ஊகங்களைப் பரப்பி அவர்கள் புண்ணைக் கிளறாதிருப்போம். ‘போனது போகட்டும், மறந்துவிடுங்கள்’ என்றும் கூறாதிருப்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவர்கள் பேசும்போது, பொறுமையுடன் உடனமர்ந்து கேட்போம்.